பீட்டாமெத்தசோனா, கிளாஸ்கோடெரோனா?

இரண்டுமே தோலில் பூசும் களிம்பு: முதலாவது எக்சிமா என்ற தோல் அழற்சிக்கு, இரண்டாவது பருவுக்கு. வேதியியல்படி இரண்டுமே ஸ்டீராய்டு. ஆனால் தோல் செல்லில் அவை போய் ஒட்டும் ஏற்பிகள் (ஹார்மோன் செய்தியை வாங்கும் புரதங்கள்) வேறு.

பீட்டாமெத்தசோன் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியைத் திறக்கும் சாவி. அது ஒட்டியதும் ஏற்பி உட்கருவுக்குள் நுழைந்து, அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை அடக்கிவிடும். எக்சிமா அரிப்பு சில நாளிலேயே தணிவது அதனால்தான். சரி, அப்புறம்? அதே ஏற்பி, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதத்தின் உற்பத்தியையும் குறைக்கிறது. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும், ரத்த நாளங்கள் சிவப்பாகத் தெரியும், பருவும் கிளம்பும். நம் ஊரில் இதைச் சிவப்பழகு க்ரீம் என்று நம்பிப் பூசி முகத்தைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது.

கிளாஸ்கோடெரோன் திறக்க வரவில்லை, அடைக்க வருகிறது. ஆண்ட்ரோஜன் எனும் ஆண் ஹார்மோன்களுக்கான ஏற்பியில் அது உட்கார்ந்துகொள்வதால், அவற்றில் ஒன்றான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனுக்கு இடமில்லை. அந்த ஹார்மோன் தூண்டும் எண்ணெய்ச் சுரப்பு குறைகிறது. 12 வயது முதல் பருவுக்குப் பூசும் 1 சதவீதக் களிம்பாக 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

எக்சிமாவுக்கு முதலாவது, மருத்துவர் சொன்ன நாள் கணக்கோடு. பருவுக்கு என் தேர்வு தயங்காமல் இரண்டாவதுதான். பொறுமை மட்டும் வேண்டும்: அதன் முக்கிய ஆய்வுகளே 12 வாரம் நடந்தன.