பொகோவாவின் எட்டு ஆண்டுகளைப் படிக்க ஒரு மின்னூலகம்

பல்கேரியாவின் தூதராகவும் அரசியல்வாதியாகவும் விளங்கிய இரினா பொகோவா, 2009 நவம்பர் முதல் 2017 நவம்பர் வரை யுனெஸ்கோவின் தலைமை இயக்குநராகப் பணியாற்றினார். அப்பொறுப்பை ஏற்ற முதல் பெண்மணி அவரே. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த முதல் தலைவரும் அவரே. செய்தித் துணுக்குகளோடு நின்றுவிடாமல் அவருடைய பணியை மூல ஆவணங்களின் வழியே அறிய விரும்புவோருக்கு, யுனெஸ்கோ கட்டணமின்றி வழங்கும் யுனெஸ்டாக் மின்னூலகத்தை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

தேடும் முறையை முதலில் சொல்லிவிட வேண்டும். பெயரை மட்டும் தட்டச்சு செய்தால், அவர் முன்னுரை எழுதிய வெளியீடுகளெல்லாம் வந்து குவிந்து, உரைகள் அவற்றுக்கிடையே மறைந்துவிடும். தலைமை இயக்குநரின் உரைகளுக்கு 'டிஜி' (DG) என்ற எழுத்துகளும் ஆண்டும் வரிசை எண்ணும் சேர்ந்த குறியீடு உண்டு; அதைக் கொண்டு தேடுவதே நல்ல வழி.

இந்நூலகத்தின் உண்மையான மதிப்பு, ஓர் உரையையும் அதே காலத்து வரவு செலவுத் திட்டத்தையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் விளங்குகிறது. 2011 அக்டோபர் 31 அன்று பாலஸ்தீனத்தை முழு உறுப்பினராக ஏற்கும் தீர்மானம், ஆதரவாக 107 வாக்குகளும் எதிராக 14 வாக்குகளும் பெற்று நிறைவேறியது; 52 நாடுகள் நடுநிலை வகித்தன. பாலஸ்தீனத்தை முழு உறுப்பினராக ஏற்கும் ஐ.நா. அமைப்புகளுக்கு நிதி வழங்குவதை அமெரிக்கச் சட்டம் தடை செய்திருந்ததால், யுனெஸ்கோவின் வருவாயில் 22 விழுக்காடு அத்துடன் நின்றுபோனது. அமைப்பின் நிதிநிலை குறித்துத் தமக்குள்ள கவலையைப் பொகோவா அன்றே வெளிப்படையாகத் தெரிவித்தார். அந்தக் கவலையின் அளவை அறிய, 2014-2015 ஆம் ஆண்டுகளுக்கான திட்ட ஆவணத்தைத் திறந்து பார்க்க வேண்டும்: ஒப்புதல் பெற்ற தொகை 65.3 கோடி டாலர்; உண்மையில் செலவிடத் திட்டமிட்டதோ 50.7 கோடி டாலர். இடையிலுள்ள பள்ளத்தைப் பார்த்த பிறகு, மாலி நாட்டின் பழம்பெரும் நகரான திம்புக்துவில் 2012இல் தகர்க்கப்பட்ட கல்லறை மாடங்களை உள்ளூர்க் கொத்தனார்களைக் கொண்டு மீண்டும் எழுப்பிய பணியைப் பற்றிப் படிக்கும்போது, அவர்மீது எனக்குள்ள மதிப்பு பன்மடங்கு உயர்கிறது. பணம் சுருங்கிய காலத்திலும் அதைக் கைவிடாமல், 2015 ஜூலையில் நேரில் சென்று அந்த மாடங்களைத் திறந்து வைத்தவர் அவர்.

நூலகத்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். சோஃபியாவில் 1952இல் பிறந்து, மாஸ்கோவில் பன்னாட்டு உறவுகள் பயின்று, 1996இல் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்று, அதே ஆண்டு நவம்பரிலிருந்து சில மாதங்கள் இடைக்கால வெளியுறவு அமைச்சராக இருந்த பொகோவாவை இங்கே தேடிப் பயனில்லை. அதற்குப் பல்கேரிய நாடாளுமன்றப் பதிவுகளையும் அக்கால நாளிதழ்களையும் நாட வேண்டும். ஐ.நா. பொதுச்செயலாளர் பதவிக்கு அவரை முன்மொழிந்த பல்கேரிய அரசே, 2016 செப்டம்பர் இறுதியில் அவரைக் கைவிட்டு மற்றொரு பல்கேரியரான கிறிஸ்தாலினா ஜார்ஜியேவாவை முன்னிறுத்திய கசப்பான நிகழ்வும் அப்படியே. ஓர் அமைப்பு தன் ஆவணங்களைத்தான் சேமிக்கும் என்பதால் இதைக் குறையென்று சொல்ல மாட்டேன். எனினும் உரைகள் தலைமை இயக்குநரின் பார்வையையே தருகின்றன. உறுப்பு நாடுகள் அவரிடம் என்ன கேட்டன, எதில் முரண்பட்டன என்பதை அறிய, 58 நாடுகள் கொண்ட செயற்குழுவின் கூட்டப் பதிவுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். அவையும் இதே நூலகத்தில் கிடைக்கின்றன.

தளத்தின் முகப்பு ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம், ரஷ்யம், அரபு, சீனம் ஆகிய மொழிகளில் இயங்குகிறது, தமிழ் இல்லை. புதிதாக நுழைபவர்கள் 2011ஆம் ஆண்டின் உரைகளிலிருந்து தொடங்கி, அடுத்து 2013இன் செயற்குழுப் பதிவுகளுக்குச் செல்வது நல்லது. அவர் இரண்டாம் முறை தேர்ந்தெடுக்கப்பட்ட ஆண்டு அது. நிதி நெருக்கடியின் முழுச் சுமையும் அந்த விவாதங்களில் தெரியும்.