வீடியோ வகுப்புக்கு 'ஸ்டுடியோ செட்' வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்: என் 46,500 ரூபாய் போன கதை

வீடியோ வகுப்புக்காகக் கேமராவும் விளக்கும் வாங்கியதில் 46,500 ரூபாய் போய்விட்டது. இன்று காலை அந்தக் கடைக்காரர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். ஆத்திரம் தணிவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் வீட்டில் எல்லாரும் "சரி, போகட்டும் விடு" என்று சமாதானம் செய்துவிடுவார்கள். போகட்டும் என்று விடுகிற தொகையா இது? நான் வீணை சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள். இரண்டு மாத வகுப்புப் பணம்.

எனக்கு எதற்கு கேமரா என்று கேட்பவர்களுக்காக ஒரு விளக்கம். என் மாணவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காலை என்றால் எனக்கு இரவு. டியூப் லைட் வெளிச்சத்தில் லேப்டாப் வெப்கேம் திணறிவிடும். வெளிச்சம் போதாதபோது அது ஒவ்வொரு ஃபிரேமையும் அதிக நேரம் திறந்து வைத்துப் பிடிக்கிறது. அசையாமல் உட்கார்ந்து பேசுகிறவருக்கு அதனால் நஷ்டமில்லை. ஆனால் வீணையில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைப்பது, பெரும்பாலும் தந்தியை மெட்டின் (தந்திக்கு அடியில் வரிசையாக இருக்கும் பித்தளைக் கம்பியின்) மேல் பக்கவாட்டில் இழுத்து விடுவதுதான். அந்த இழுப்பு எவ்வளவு தூரம், எந்த விரல், எங்கே விட்டேன் என்பதைக் குழந்தை கண்ணால் பார்க்க வேண்டும். திரையில் தெரிவதோ ஒரு கலங்கல். போதாக்குறைக்குப் பித்தளை மெட்டுகள் பளபளக்கும், அடியில் இருக்கும் மெழுகு கன்னங்கரேல் என்றிருக்கும். எதற்கு வெளிச்சத்தை அளப்பது என்று தெரியாமல் வெப்கேம் ஏறியும் இறங்கியும் தடுமாறும். "டீச்சர், விரல் தெரியல" என்று ஒரு பெண் தினமும் சொல்வாள். அதற்காகத்தான் போனேன்.

கடை எங்கள் திருச்சியிலேயே இருக்கிறது. பெயர் எழுதப் போவதில்லை. பழைய கேமரா வாங்கி விற்கிற கடை. வெளியே 'ஆன்லைன் வகுப்பு, யூடியூப் செட்டப்' என்று பெரிய பேனர் தொங்கும். இந்த வகைக் கடை இப்போது எல்லா ஊரிலும் முளைத்திருக்கிறது, அதனால் வகையைத் தெரிந்துகொண்டால் போதும்.

உள்ளே போனதும் அந்தத் தம்பி நாற்காலி போட்டார், டீ வாங்கிவரச் சொன்னார். அவசரப்படுத்தவே இல்லை. வீணை என்றதும் முகம் மலர்ந்து, "எங்க அம்மாவும் சின்ன வயசுல கத்துக்கிட்டாங்கக்கா, எங்க பாட்டி வீட்டுல இன்னும் அந்த வீணை இருக்கு" என்றார். மேஜையில் ஒரு மிரர்லெஸ் கேமராவை (லென்ஸ் மாற்றக்கூடிய வகை) வைத்து, பக்கத்தில் இரண்டு விளக்குகளை நிறுத்தி, கேமராவின் படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் கேப்சர் கார்டு வழியாகத் தன் லேப்டாப்பில் இணைத்தார். "கையை இப்படி அசைங்கக்கா" என்றார். அசைத்தேன். ஒவ்வொரு விரலும், மோதிரத்தின் கல் உட்பட, அப்படியே தெரிந்தது. பின்னால் இருந்த அலமாரி மென்மையாகக் கலங்கி, நான் மட்டும் தெளிவாக இருந்தேன். கண் கலங்கிவிட்டது என்றால் நம்புவீர்களா? இத்தனை வருஷமாக அந்தக் குழந்தைகளுக்கு இதைக் காட்ட முடியாமல்தானே தவித்தேன்! அந்த மேஜையை அப்படியே ஃபோனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். இந்தப் படம்தான் பிறகு எனக்கு உதவியது.

கேமராவும் லென்ஸும் 32,000. கேப்சர் கார்டு 4,500. விளக்கு இரண்டும் 8,000. ஸ்டாண்டு, மின்சாரத்தில் ஓட்டுவதற்கான டம்மி பேட்டரி இரண்டும் சேர்த்து 2,000. மொத்தம் 46,500. "கேமரா எட்டாயிரம் கிளிக்தான் ஓடியிருக்கு, புதுசு மாதிரி. என் தங்கச்சிக்கு வாங்கின மாதிரி நினைச்சுக் கொடுக்கிறேன்" என்றார். உள்ளே போய்ப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தார். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, "பிரிண்டர் ரிப்பேர்க்கா, வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்" என்று ஒரு எஸ்டிமேட் தாளில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். அந்த பில் இன்றுவரை வரவில்லை.

வீட்டில் வைத்துப் போட்ட முதல் வகுப்பிலேயே சந்தி சிரித்தது. திரையில் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டே இருந்தன. என் கை பச்சை பூத்த மாதிரி தெரிந்தது. நான் மீட்டுகிறேன், சத்தம் முதலில் போகிறது, விரல் பின்னால் போகிறது. வர்ணம் என்ற உருப்படியைப் பாதி வாசிக்கும்போதே கேமரா தானாக அணைந்துவிட்டது. மறுபடி போட்டால் மறுபடி அணைகிறது. கடைசியில் பழைய வெப்கேமுக்கே திரும்பினேன்.

எங்கள் தெருவில் ஒரு கல்யாண வீடியோகிராஃபர் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முதலில் கேட்டதே, "கடையில எடுத்த படம் ஏதாவது இருக்காம்மா?" ஃபோனைக் கொடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தார். கடை மேஜையில் இருந்த கேப்சர் கார்டு சாம்பல் நிற உலோகப் பெட்டி, அதில் கேமரா கேபிள் செருகும் எச்டிஎம்ஐ துளைகள் இரண்டு. என் பெட்டியில் வந்தது பென்டிரைவ் அளவு கறுப்பு பிளாஸ்டிக், ஒரே துளை. மேலே '4கே' (எச்டியைவிட நுணுக்கமான படம்) என்று அச்சடித்திருக்கிறது. யுஎஸ்பி முனையும் வேகமான வகை போல நீல நிறம். உள்ளே பழைய, மெதுவான யுஎஸ்பி 2.0தான் என்று லேப்டாப்பில் போட்டுக் காட்டினார். அந்த வழியில் அதிகபட்சம் நொடிக்கு 480 மெகாபிட்தான் போகும். முழு எச்டி படத்தை நொடிக்கு 30 ஃபிரேம் வீதம் சுருக்காமல் அனுப்ப அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். அதனால் படத்தைப் பிழிந்து நசுக்கித்தான் அனுப்புகிறது. '4கே' என்பது உள்ளே வாங்கிக்கொள்வதற்கு மட்டும்தானாம், வெளியே விடுவது எச்டிதான்.

விளக்கும் வேறு. கடையில் பார்த்ததில் வெளிச்சத்துக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று என்று இரண்டு திருகுகள். எனக்கு வந்ததில் ஒயரில் ஒரு பட்டன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மட்டமான எல்இடி அதற்கேற்ப நொடிக்கு 100 தடவை துடிக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை (ஒரு ஃபிரேமைத் திறந்து வைக்கும் நேரத்தை) 1/50 அல்லது 1/100 நொடி வைத்தால் பட்டை போய்விட வேண்டும். வைத்துப் பார்த்தார், முழு வெளிச்சத்தில் போனது, வெளிச்சத்தைக் குறைத்ததும் திரும்ப வந்தது. குறைப்பதற்காக விளக்கே தன் இஷ்டத்துக்கு வேறு வேகத்தில் அணைந்து எரிகிறது. பெட்டியில் 'சிஆர்ஐ 95' என்று போட்டிருக்கிறார்கள். நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு நூற்றுக்குத் தருகிற மதிப்பெண் அது. உண்மையிலேயே 95 இருந்தால் சிவப்பு இப்படிச் சாகாது, என் கை பிணத்தின் கை மாதிரி இருக்காது.

கேமரா? அவர் ஒரு போட்டோ எடுத்து, அதற்குள் பதிவாகியிருந்த ஷட்டர் கணக்கை, அதாவது இதுவரை எத்தனை கிளிக் ஓடியிருக்கிறது என்பதைப் பார்த்தார். ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல். எட்டாயிரம் என்று சொன்ன கேமரா! எச்டிஎம்ஐ துளையும் ஆடுகிறது. டம்மி பேட்டரி வேறு போதுமான மின்சாரம் தராமல் கேமராவை அணைக்கிறது.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் இன்னும் எரிகிறது. முதலில் "செட்டிங் மாத்தணும்க்கா, நாளைக்கு ஆள் அனுப்பறேன்". ஆள் வரவில்லை. பிறகு "உங்க லேப்டாப் பழசு". பிறகு "இன்டர்நெட் ஸ்பீடு செக் பண்ணுங்க". இன்டர்நெட்டுக்கும், வகுப்பே ஆரம்பிக்காமல் லேப்டாப் திரையிலேயே ஓடுகிற கறுப்புப் பட்டைக்கும் என்ன சம்பந்தம்? நேரில் போனால் "ஓனர் வெளியூர் போயிருக்கார்". அப்படியானால் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர் யார்? கடையில் எடுத்த படத்தையும் எனக்கு வந்த பொருளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. கடைசியில் ஃபோனை எடுத்து, "அக்கா" போய் "மேடம்" ஆகி, "யூஸ்டு பொருளுக்கு ஏழு நாள்தான் மேடம், அது முடிஞ்சு போச்சு. வேணும்னா 12,000 தர்றேன், எல்லாத்தையும் கொண்டுவந்து வெச்சிடுங்க" என்றார். 46,500 வாங்கிக்கொண்டு 12,000! ஏழு நாள் என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை, வாயாலும் சொல்லவில்லை. அதைக் கேட்டதும்தான் பிளாக்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிந்துவிட்டேன். பில் தராமல் விற்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக முறைதான். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. அந்தக் கெடுவுக்குள்தான் நான் கேட்டிருக்கிறேன், வாட்ஸ்அப் தேதியே சாட்சி. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. விடப் போவதில்லை.

வீட்டு வகுப்புக்கு விளக்கு, கேமரா வைப்பது பற்றி விரிவாக எழுதுகிறேன் என்று சக ஆசிரியர்கள் சிலரிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனசு இல்லை. அவசரமாகச் சில மட்டும்.

உங்கள் லேப்டாப்பைக் கடைக்கு எடுத்துப் போங்கள். அவர்கள் லேப்டாப்பில் காட்டுவதைப் பார்க்காதீர்கள். ஒரு வகுப்பு நேரம் முழுக்க அணையாமல் ஓடுகிறதா என்று அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். விளக்கின் வெளிச்சத்தைக் குறைத்து ஃபோன் கேமராவில் பாருங்கள், பட்டை ஓடினால் வேண்டாம். சோதித்த பொருளை அவர்கள் உள்ளே எடுத்துப் போகவே விடக்கூடாது, கண்ணெதிரே கட்டச் சொல்லுங்கள். சீரியல் எண் போட்ட பில் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இசை ஆசிரியர்களுக்கு ஒன்று: ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போடாவிட்டால் தந்தியின் கார்வையை (மீட்டிய பின் நீளும் நாதத்தை) இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். காசு இல்லாமல் கிடைப்பது, முதலில் அதைச் செய்யுங்கள். பகல் வகுப்பு என்றால் ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், எந்த விளக்கும் வேண்டாம்.

திருச்சியில் இதே மாதிரிக் கடையில் 'செட்' வாங்கி ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். ஆணையத்துக்குப் போகும்போது சேர்ந்து போகலாம்.