இரண்டு விரலா, நான்கு விரலா? டர்பனில் கிட்டார் பழகுவோருக்கு

டர்பனில் விரலால் மீட்டிக் கிட்டார் பழக இரண்டு வழி உண்டு. ஒன்று, கிளாசிக்கல் வகுப்புகளில் சொல்லித்தரும் நான்கு விரல் முறை. மற்றொன்று, டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மண்ணில் சூலு மக்கள் வாசிக்கும் மஸ்கண்டா இசையில் வரும் இரு விரல் முறை. சூலுக்காரர்கள் அதை 'உகுபிகா' என்பார்கள். அதை நிலைநாட்டிய பெருமை புசுஷுகேலா என்று அறியப்பட்ட மஸ்கண்டா கலைஞர் ஜான் பெங்குவுக்குச் சேரும்.

நான்கு விரல் முறையில் 6, 5, 4-ஆம் கம்பிகள் (தடித்த மூன்றும்) கட்டை விரலுக்கு. ஆள்காட்டிக்கு 3, நடு விரலுக்கு 2, மோதிர விரலுக்கு 1. பஜனைப் பாட்டுக்குக் கோர்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டத்தை, பிரித்து வாசிக்க இதுதான் வசதி. சிக்கல் மோதிர விரலில். அதன் தசைநார்கள் பக்கத்து விரல்களோடு பிணைந்திருப்பதால் அது தனியாக அசைய மறுக்கும். முதல் கம்பி மங்கலாக ஒலிக்கும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, அடிக்கு மூன்று ஸ்வரமாக, கட்டை-ஆள்காட்டி-நடு, மோதிரம்-நடு-ஆள்காட்டி என்று ஓட்டுங்கள். ஆறும் ஒரே அளவு சத்தமாகக் கேட்டபிறகே வேகத்தை ஐந்து ஐந்தாகக் கூட்டலாம்.

மஸ்கண்டா முறை பார்க்க எளிது, வாசிக்கக் கடினம். கட்டை விரல் கீழ்ஸ்தாயியில் ஒரு வரியை ஓட்ட, ஆள்காட்டி அதன் இடைவெளிகளில் வேறொரு மெட்டைப் பின்னும். பலர் முதல் கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கிக்கொள்வார்கள். புதியவர்கள் இரண்டு விரலையும் ஒரே நேரத்தில் தட்டிவிடுகிறார்கள்; பின்னல் போய் வெறும் கோர்டு மிஞ்சுகிறது. கட்டை விரலை மட்டும் முதலில் ஓட்டுங்கள். அது ஓடும்போதே பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும். அதன்பிறகு ஆள்காட்டியை அடிக்கும் அடிக்கும் நடுவில் மட்டும் சேருங்கள்.

இரண்டு முறையிலும் கையைக் கெடுப்பது ஒரே தவறு: கட்டை விரல் உள்ளங்கைக்குள் புகுந்து ஆள்காட்டியோடு மோதுவது. அது எப்போதும் ஒரு விரல் அகலமாவது கிட்டாரின் கழுத்துப் பக்கம் முன்னே நிற்கட்டும். கம்பியை வெளியே இழுக்காமல் உள்ளங்கை நோக்கி மீட்டுங்கள். இழுத்தால் பிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியில்) அறைந்து 'டப்' என்று கேட்கும்.

நைலான் கம்பிக் கிட்டார் கையில் இருந்தால் நான்கு விரலில் தொடங்குங்கள். நகம் விரல்நுனியைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போதும். எஃகுக் கம்பி என்றால் இரு விரல்தான் என் தேர்வு: கட்டை விரல் சுதந்திரமாகிவிட்டால் மற்ற விரல்களைப் பின்னால் சேர்ப்பது சுலபம், தலைகீழாகச் செய்தால் இழுபறி. டர்பனின் கடற்காற்றில் எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும், துரு நகத்தை அராவும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கம் சேர்த்து உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து வையுங்கள்.