கடைக்காரர் கைவிரித்தால் எங்கே போவது: 1915, நுகர்வோர் ஆணையம், நிரந்தர லோக் அதாலத்

டவுன்ஹால் ரோட்டிலோ கீழமாசி வீதியிலோ வாங்கிய பொருள் ஒரே மாதத்தில் மக்கர் பண்ணினால், மதுரையில் சுற்றியிருப்பவர்கள் மூன்று யோசனை சொல்வார்கள். கடையில் போய் சத்தம் போடு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடு, இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ் விடு. சத்தம் போட்டதற்கு எந்த அத்தாட்சியும் மிஞ்சாது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் பட்டா, உதவித்தொகை, சாலை, குடிநீர் போன்ற அரசு வேலைகளுக்கானது. தனியார் கடை கொடுத்த வாரண்டியை கலெக்டர் தீர்த்துவைக்க முடியாது. வக்கீல் நோட்டீஸ் பல நேரம் வேலை செய்யும்தான், ஆனால் அது கட்டாயம் என்று நுகர்வோர் சட்டத்தில் எங்கும் இல்லை.

உண்மையில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வழிகள் வேறு. எதை எடுப்பது என்பது நமக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. பொருள் சரியாக ஓடினால் போதுமா, பணம் திரும்ப வேண்டுமா, நஷ்ட ஈடும் வேண்டுமா? இதை முடிவு பண்ணாமல் கிளம்புகிறவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள்.

முதலில் 1915

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. 8800001915 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். புகாரைப் பதிவு செய்து எண் கொடுப்பார்கள், கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அவ்வளவுதான் இதன் பலம். யாருக்கும் உத்தரவு போட இவர்களுக்கு அதிகாரமில்லை.

அதிகாரமில்லாத இடத்துக்கு ஏன் போக வேண்டும்? அவனியாபுரத்தில் இட்லி மாவு அரைத்து விற்கும் அக்கா ஒருவரின் விஷயத்தைச் சொன்னால் புரியும். கடைக்கு ஓட்டுகிற பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர். வாங்கிய கொஞ்ச நாளிலேயே மோட்டார் சூடாகி நின்றுபோக ஆரம்பித்தது. கடைக்காரர், "அது கம்பெனி சர்வீஸ்ல சொல்லணும்க்கா, எங்க கையில ஒண்ணும் இல்ல" என்றார். சர்வீஸ்காரர் வந்து பெல்ட்டை இறுக்கிவிட்டு, ஜாப் ஷீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் பழையபடி நின்றது. மறுபடி கூப்பிட்டபோது, "நீங்க வியாபாரத்துக்கு ஓட்டுறீங்க, நீங்க கன்ஸ்யூமரே இல்ல" என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தப் பதிலை நம்பித்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். அது தவறு. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் அதே பிரிவின் விளக்கத்திலேயே, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவருக்கு அந்த விலக்கு பொருந்தாது என்றும் இருக்கிறது. மாவு விற்கிற அக்கா, ஒற்றைத் தையல் மெஷின் வைத்திருக்கிற டெய்லர், சொந்த ஆட்டோ ஓட்டுகிறவர் எல்லோருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று வாரண்டி அட்டையில் போட்ட சின்ன டேபிள் டாப் கிரைண்டரை வாங்கிக் கடைக்கு ஓட்டினால் வழக்கு பலவீனமாகிவிடும். அக்காவின் அட்டையில் அப்படி எதுவும் இல்லை.

அவருக்குத் தடையாக இருந்தது ஜாப் ஷீட்தான். கீழே "குறை சரிசெய்யப்பட்டது" என்று அச்சடித்திருந்தது, அதற்கு நேராக அவருடைய கையெழுத்து. ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே வாங்கிய கையெழுத்து அது. அடுத்த முறை சர்வீஸ்காரர் வந்தபோது, "அரை மணி நேரம் ஓடியதும் மறுபடி நின்றது" என்று தன் கையாலேயே எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டார். நகலைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். அந்த ஒரு வரியோடு 1915-இல் புகார் போனதும், கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் பேசினார்கள், மோட்டாரை மாற்றிக் கொடுத்தார்கள். மாவு அரைக்க முடியாமல் போன நாட்களின் வருமானத்துக்கு ஒரு பைசா வரவில்லை. அதற்காக மேலே போகலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார். எனக்கும் அது சரியான முடிவாகவே பட்டது. அவருக்கு வேண்டியது ஓடுகிற கிரைண்டர், அது கிடைத்துவிட்டது.

ஆக, பெரிய கம்பெனி, தெளிவான குறை, சரிசெய்தால் போதும் என்றால் 1915. பதிலே சொல்லாத சின்னக் கடையாக இருந்தாலோ, "நீங்கள் சரியாகப் பயன்படுத்தவில்லை" என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டாலோ அங்கேயே காத்திருக்காதீர்கள்.

நுகர்வோர் ஆணையம்

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டூவீலர், கல்யாண மண்டப அட்வான்ஸ் என நம் வீட்டுச் சண்டைகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும். வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம், நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனுவைப் போடலாம். கேட்டுக்கொண்டால் வீடியோ வழியாகவே விசாரிக்கவும் சட்டம் இடம் தருகிறது. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏற முடியாதவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ, பிரச்சினை நடந்த ஊரிலோதான் வழக்குப் போட முடியும். இப்போது நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். ஆன்லைனில் வாங்கிய போனுக்காகத் திருமங்கலத்துக்காரர் பெங்களூருக்கு ஓட வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் 2019 சட்டம் நமக்குச் செய்த பெரிய நல்லது இதுதான்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. பில் தராமல் இருப்பதும் அப்படித்தான்.

குறை என்று பார்த்தால் நேரம்தான். பரிசோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், லேப் சோதனை வேண்டுமென்றால் 5 மாதத்திலும் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைத் தாண்டித்தான் போகிறது. சோதனைக் கட்டணத்தை முதலில் புகார்தாரர்தான் கட்ட வேண்டும். இரண்டாயிரம் ரூபாய் மிக்ஸிக்கு இது கட்டுப்படியாகுமா என்று யோசித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். பணத்தைத் திரும்ப வாங்குவது, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு என்று கேட்க வேண்டியிருந்தால் இதை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. 1915-இல் இல்லாத பல் இது.

நிரந்தர லோக் அதாலத்

இதை நம் ஊரில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. அவ்வப்போது ஒரே நாளில் நடக்கும் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) வேறு, இது வேறு. பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் உரியது: போக்குவரத்து, தபால், தொலைபேசி, மின்சாரம், குடிநீர், மருத்துவமனை, இன்சூரன்ஸ் போன்றவை. கிரைண்டரை இங்கே கொண்டுபோக முடியாது. நீதிமன்றக் கட்டணம் இல்லை. முதலில் சமரசம் பேசுவார்கள், ஒத்துவராவிட்டால் அவர்களே தீர்ப்பும் சொல்லலாம். விவரத்தை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டுக்கொள்ளலாம்.

அப்படியென்றால் ஆஸ்பத்திரிப் பிரச்சினைக்கு இதுவா, ஆணையமா? பில்லில் கூடுதலாகப் போட்டார்கள், ரெக்கார்டு தர மறுக்கிறார்கள் என்ற அளவில் இருந்தால் நான் லோக் அதாலத்தைத்தான் சொல்வேன். சிகிச்சையிலேயே தவறு என்றால் ஆணையம். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. இப்படிப் பிரிப்பதற்குக் காரணம், நிரந்தர லோக் அதாலத்தின் தீர்ப்பே முடிவானது, அப்பீல் கிடையாது. ரிட் மனுவாக உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக முடியும். நிபுணர் கருத்தும் சாட்சியமும் தேவைப்படுகிற சிக்கலான வழக்கை, அப்பீலுக்கு வழியில்லாத இடத்தில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

இன்சூரன்ஸ் கிளெய்மை மறுத்தால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் இலவசமாகப் போகலாம். வங்கி என்றால் முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார், 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். மின்கட்டணச் சண்டைக்கு மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் இருக்கும் மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம்.

எந்த வழியில் போனாலும் ஒரு தேதியைக் குறித்து வையுங்கள். ஆணையத்தில் வழக்குப் போட, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான் அவகாசம். 1915-இல் புகார் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக அந்தக் கெடு நிற்காது. "அடுத்த வாரம் பார்க்கலாம் சார்" என்று கடைக்காரர் இழுப்பதும் கணக்கில் வராது. மாவட்ட ஆணையத்தில் தோற்றுவிட்டால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். கம்பெனி மேல்முறையீடு செய்தால், கட்டச் சொன்ன தொகையில் பாதியை முதலில் கட்டியாக வேண்டும். மாநில ஆணையத்துக்கு மதுரையிலேயே ஒரு கிளை அமர்வு இருப்பதால், நாம் அதற்காகச் சென்னைக்குப் போக வேண்டியதும் இல்லை.