ஏசி சர்வீஸுக்குப் பேரம் பேசுகிறவர்கள் கவனத்துக்கு: 60 வெள்ளி 330 ஆன விதம்

சிங்கப்பூரில் வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். நாங்கள் இருப்பது செங்காங்கில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏசியைச் சர்வீஸ் செய்து ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. இங்கே பலருடைய ஒப்பந்தத்திலும் இது உண்டு. ரசீது இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஆண்டுக்கு நான்கு முறை யாரையாவது கூப்பிட்டே ஆக வேண்டும்.

இந்த முறை புதிதாக ஒரு நிறுவனத்தை அழைத்தேன். ஓர் ஏசிக்கு 35 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றார்கள். மூன்று இருக்கிறதே, குறையுங்கள் என்றேன். 30, 25 என்று இறங்கி 20 வெள்ளியில் வந்து நின்றார்கள். மொத்தம் 60. நல்ல விலைக்கு முடித்துவிட்டோம் என்று வீட்டில் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வேனில் இரண்டு ஆட்கள் வந்து மூன்று ஏசியைக் கழற்றிக் கழுவி மாட்டிவிட்டுப் போக 60 வெள்ளி எப்படிக் கட்டுப்படியாகும்?

வந்தவர்களில் ஒருவர் தமிழர். "அண்ணா" என்று கூப்பிட்டதும் மனம் இளகிவிட்டது. வடிகட்டிகளைக் குளியலறையில் அலசினார்கள், முன்மூடியைத் துடைத்தார்கள். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு அவர் ஜன்னல் வழியாக வெளியே எட்டி, கம்ப்ரசரில் குளிரூட்டும் கேஸை அளக்கும் மீட்டரை மாட்டினார். நான் அருகில் போவதற்குள் அதைத் தூக்கி ஒரு கணம் காட்டினார். முள் கீழே கிடந்தது. "அண்ணா, மூன்றிலும் கேஸ் இறங்கிவிட்டது. இப்படியே ஓட்டினால் கம்ப்ரசர் போய்விடும். ஒன்றுக்கு 120 வெள்ளி."

கம்ப்ரசர் போனால் வீட்டுக்காரருக்கு யார் பதில் சொல்வது? பயந்துவிட்டேன். பயத்திலும் பேரம் பேசினேன். ஒன்றுக்கு 90, மூன்றுக்கு 270 என்று முடிந்தது. ஏதோ 90 வெள்ளி மிச்சப்படுத்திய நினைப்பில் பணத்தை அவர் சொன்ன கைப்பேசி எண்ணுக்கு அனுப்பினேன். அது நிறுவனத்தின் எண்தானா என்றுகூடப் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் இரவு மகள் அறையில் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டி மெத்தையின் தலைப்பக்கம் முழுவதும் ஊறிவிட்டது. பிள்ளை எழுந்து வந்து எங்களை எழுப்பினாள். மறுநாள் வீட்டுக்காரர் தனக்கு வழக்கமானவரை அனுப்பினார். அவர் தண்ணீர் போகும் குழாயில் உறிஞ்சும் கருவியை வைத்து இழுத்தபோது கறுப்பாக, கூழ்போல அழுக்கு வந்தது. சர்வீஸில் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை அது. முன்பு வந்தவர்கள் அந்தக் குழாயைத் தொடவே இல்லை.

கேஸ் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "மூன்றுக்குமா?" எங்கள் வீட்டில் மூன்று ஏசிக்கும் வெளியே இருப்பது ஒரே இன்வர்ட்டர் கம்ப்ரசர். உள்ளே ஓடும் கேஸும் ஒன்றே. ஒரே தொட்டியிலிருந்து மூன்று குழாய்க்குத் தண்ணீர் போவதுபோல என்றார். ஒன்றுக்கு இவ்வளவு என்று மூன்றுக்குத் தனித்தனியாகக் கணக்குப் போட அதில் வழியே இல்லை. இன்னொன்றும் சொன்னார். கேஸ் பெட்ரோல்போல ஓட ஓடத் தீர்வதில்லை. அடைத்த குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடிக்காமல் மேலே நிரப்பினால் அதுவும் வெளியேறிவிடும். எங்கள் கேஸ் குழாயின் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

கம்ப்ரசரின் பக்கவாட்டுத் தகட்டை எனக்குக் காட்டினார். எந்த வகைக் கேஸ், எத்தனை கிலோ என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. எங்களுடையது ஆர்32. நிரப்புகிறவர் சிலிண்டரைத் தராசில் வைத்து, எத்தனை கிராம் ஏற்றினார் என்று ரசீதில் எழுத வேண்டும். என் ரசீதில் இருப்பது "கேஸ் 3 x 90" மட்டும். இவர் ஓர் ஏசிக்கு 40 வெள்ளி வாங்கினார், ஒரு வெள்ளிகூடக் குறைக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தார்.

பேரம் பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓர் ஏசிக்கு எவ்வளவு என்று மட்டும் பேசி நிறுத்திவிடாதீர்கள். தண்ணீர்க் குழாயை உறிஞ்சுவது இதில் சேருமா, கேஸ் என்றால் எப்படி அளப்பீர்கள், ரசாயனக் கழுவல் (ரசாயனம் போட்டு உள்பாகங்களைக் கழுவுவது) தேவை என்றால் என்ன விலை என்பதையெல்லாம் வருவதற்கு முன்பே செய்தியில் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்து புதிதாக ஒன்றைச் சொன்னால், யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிடுங்கள். அன்றே நிரப்பாவிட்டால் எந்த ஏசியும் வெடித்துவிடாது.

அந்த நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. பயனீட்டாளர் சங்கத்தில் விவரம் கேட்டுக்கொண்டு, சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் இணையம் வழியாக மனுக் கொடுத்திருக்கிறேன். என்னைப் போன்ற பயனீட்டாளர்களுக்கு 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். வழக்கறிஞர் வைக்க அனுமதி இல்லை, நாமே பேச வேண்டும். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தாக வேண்டும். ரசீது, பணம் அனுப்பிய சான்று, ஈர மெத்தையின் படம், தகட்டின் படம் நான்கையும் இணைத்திருக்கிறேன். இதேபோல் மூன்று ஏசிக்கும் தனித்தனியாகக் கேஸ் பணம் கொடுத்தவர்கள் இருந்தால், இன்றைக்கே உங்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள்.