கல்லடி மேசையில் மூன்று பழைய ரவுட்டர்கள்

கொழும்பில் பெரிய அலுவலகங்கள் நெட்வொர்க் சாமான்களை மாற்றும்போது, கழித்துவிட்ட ரவுட்டர்கள் கைமாறிக் கைமாறி மட்டக்களப்புக்கும் வந்து சேர்கின்றன. புதிதாக வாங்க நினைத்தே பார்க்க முடியாத பெட்டி, படிக்கிற பிள்ளையின் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. எனக்கு இதில் உண்மையான சந்தோசம். ஆனால் ஆசையாக வாங்கிக்கொண்டு போனவர்களில் பலர் முதல் இரவோடு அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கத்தான் மனம் பொறுப்பதில்லை.

என் மேசையில் இப்போது மூன்று இருக்கின்றன: சிஸ்கோ 1941, மைக்ரோடிக் ஹெக்ஸ், ஜூனிப்பர் எஸ்.ஆர்.எக்ஸ். 210. முதன்முதலாக வாங்கப்போகிறவருக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு இணைப்பைத் தாங்க ஹெக்ஸ். நெட்வொர்க் படிக்க சிஸ்கோ. ஜூனிப்பர் இந்த இரண்டில் ஒன்று கைவந்த பிறகு.

பழைய ரவுட்டரில் தொடக்கக்காரர் முட்டிக்கொள்ளும் முதல் இடம் உள்ளே நுழைவதுதான். வீட்டு ரவுட்டர் மாதிரி பிரவுசரில் ஒரு முகவரியை அடித்து சிஸ்கோவுக்குள் போகலாம் என்று நினைக்க வேண்டாம். பின்பக்கம் இளநீல நிறத்தில் கொன்சோல் என்று ஒரு துவாரம் இருக்கும். அதற்கென்றே தட்டையான நீல வயர் உண்டு. அதன் மறுமுனை ஒன்பது ஊசிக்காரன். இப்போதைய லேப்டாப்களில் அது பொருந்தும் இடம் இல்லாததால் யு.எஸ்.பி. மாற்றி ஒன்றும் வேண்டும். பிறகு புட்டி என்ற மென்பொருளைத் திறந்து வேகத்தை 9600 என்று வைத்தால், கறுப்புத் திரையில் எழுத்து ஓடத் தொடங்கும். இந்த வயரும் மாற்றியும் இல்லாமல் 1941 வாங்குவது வள்ளம் வாங்கிவிட்டு சவளைத் தேடுகிற வேலை. முதலில் வயர், பிறகு பெட்டி.

உள்ளே போனால் பழைய அலுவலகத்தின் கடவுச்சொல் கேட்கும். அதற்கும் வழி உண்டு. மின்சாரத்தை நிறுத்திப் போட்டு, முதல் ஒரு நிமிடத்துக்குள் பிரேக் சமிக்ஞை அனுப்ப வேண்டும். லேப்டாப் விசைப்பலகையில் அந்த விசை பெரும்பாலும் இருக்காது, புட்டியின் மெனுவிலேயே இருக்கிறது. இயங்குதளம் ஏறுவதற்கு முந்திய ரொம்மொன் என்ற நிலை வந்ததும், எப்படி எழும்ப வேண்டும் என்று சொல்லும் கொன்ஃபிக் ரெஜிஸ்டர் எண்ணை 2142 என்று மாற்றி மீள இயக்கினால், பழைய அமைப்பைக் கண்டுகொள்ளாமல் ரவுட்டர் எழும்பும். வேலை முடிந்ததும் அதை மறுபடி 2102 ஆக்கியே தீர வேண்டும். காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு தம்பி, "கரண்ட் போய் வந்தா எல்லாத்தையும் மறந்திருது சேர், இது பழுதுதானே?" என்று பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. எண் 2142இலேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

ஹெக்ஸில் இந்தப் பாடு இல்லை. லாத்வியாவின் ரீகா நகரத்து நிறுவனமான மைக்ரோடிக் தயாரிப்பது இது. வின்பொக்ஸ் என்ற சிறிய மென்பொருளைத் திறந்து சாதாரண நெட்வொர்க் வயரைக் குத்தினால், ஐ.பி. முகவரியே இல்லாத நிலையிலும் வன்பொருள் முகவரியைக் கொண்டு பெட்டியைக் கண்டுபிடித்துவிடும். கடவுச்சொல் தெரியாவிட்டால், ரீசெட் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்து, விளக்கு மினுங்கத் தொடங்கியதும் விட்டால் சரி. 192.168.88.1 என்ற முகவரியோடு புதுப்பிள்ளை மாதிரி எழும்பும். நுழைவதில் ஹெக்ஸ் வெகுதூரம் முன்னால் நிற்கிறது.

அடுத்தது மின்சாரம். 2022இல் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் மேல் இருட்டில் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போதும் மாரியில் இடி முழங்கினால் கரண்ட் போகிறதுதான். 1941க்கு 230 வோல்ட் நேராக வேண்டும். கூடுதல் அட்டை எதுவும் செருகாமலே ஏறக்குறைய 35 வாட்ஸ் எடுக்கும், விசிறியும் ஓயாமல் சுற்றும். ஹெக்ஸ் 8 முதல் 30 வோல்ட் வரை ஏற்றுக்கொள்ளும், விசிறி இல்லை, தானாக எடுப்பது ஒற்றை இலக்க வாட்ஸ். அதாவது ஃபைபர் பெட்டிக்கு வைத்திருக்கிற 12 வோல்ட் சின்ன பேட்டரியிலேயே இதையும் ஓட்டலாம். கரண்ட் இல்லாத இரவில் பிள்ளை ஒன்லைன் வகுப்பைத் தொடரும் வீட்டுக்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஜூனிப்பர் பின்னுக்குப் போவதும் இங்கேதான். எஸ்.ஆர்.எக்ஸ். ஒரு சின்னக் கணினி மாதிரி. திடீரென்று மின்சாரம் அறுந்தால் கோப்பு அமைப்பு கெட்டுப்போக வாய்ப்புண்டு, முறையாகக் கட்டளை கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். எழும்பவும் பல நிமிடங்கள் எடுக்கும். ஆனால் அதில் நான் விரும்பும் ஒன்று இருக்கிறது. நீங்கள் எழுதும் மாற்றம், கொமிட் என்ற கட்டளையால் ஏற்றுக்கொள்ளும்வரை நடைமுறைக்கு வராது. கொமிட் கன்ஃபர்ம்ட் என்று கொடுத்தால், பத்து நிமிடத்துக்குள் நீங்கள் மறுபடி உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். தன்னைத்தானே வெளியே பூட்டிக்கொண்ட ஒருவருக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும்.

இணைப்பைக் கொண்டுவருவதில் ஹெக்ஸுக்கு குயிக் செட் என்ற ஒரே பக்கம் போதும். இணைய நிறுவனம் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்திருந்தால், அவற்றைக் கொண்டு இணையும் முறையான பி.பி.பி.ஓ.ஈ. என்பதைத் தெரிவுசெய்து இரண்டையும் எழுதினால் முடிந்தது. சிஸ்கோவில் ஒவ்வொன்றையும் நீங்களே கட்ட வேண்டும்: டயலர் என்ற கற்பனைப் போர்ட், வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே வெளி முகவரியைப் பகிர வைக்கும் நாட், வெளியே போகும் வழி, வீட்டுக்குள் முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. "வயர் குத்தியும் லைட் எரியுதில்ல சேர்" என்பது நான் அடிக்கடி கேட்கும் வசனம். சிஸ்கோ ரவுட்டரின் போர்ட்கள் தொடக்கத்தில் மூடியே இருக்கும், நோ ஷட்டவுன் என்று சொல்லித் திறந்தால்தான் விளக்கு வரும்.

இன்னொரு இடம் கொஞ்சம் நுணுக்கமானது. கூகுள் திறக்கும், சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்கி நிற்கும். பி.பி.பி.ஓ.ஈ. தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் ஒரு பொதியின் உச்ச அளவான 1500 பைட் 1492 ஆகக் குறைகிறது. அதற்கேற்ப டி.சி.பி. துண்டின் அளவை 1452 ஆக்காவிட்டால் பெரிய பொதிகள் வழியில் விழுந்துவிடும். ஹெக்ஸ் இதைத் தானாகப் பார்த்துக்கொள்கிறது. சிஸ்கோவில் நீங்கள் எழுத வேண்டும். ஆனால் ஏன் 1452 என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தவருக்கு அது வாழ்நாளுக்கும் மறக்காது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ நெட்வொர்க் படிக்கும் பிள்ளைக்கு 1941ஐ நான் சிபாரிசு செய்வது இதற்காகத்தான். அது எதையும் மறைத்துச் செய்வதில்லை.

பாதுகாப்பில் இரண்டையும் கவனமாகப் பார்க்க வேண்டும். 1941 வெளிவந்தது 2009இல். விற்பனை 2017 டிசம்பரிலும் நிறுவனத்தின் ஆதரவு 2022 டிசம்பரிலும் முடிந்துவிட்டன, இனித் திருத்தம் வராது. தவிர, தயார்நிலைத் தீச்சுவர் (ஃபயர்வோல்) என்று எதுவும் அதில் இல்லை. ஹெக்ஸுக்கு ரவுட்டர் ஓ.எஸ். புதுப்பிப்பு இலவசமாக வருகிறது, தொடக்க அமைப்பிலேயே வெளிப்பக்கத்தை மறிக்கும் விதிகள் உண்டு. ஆனால் 2018 ஏப்ரலில் திருத்தப்பட்ட வின்பொக்ஸ் ஓட்டை, கடவுச்சொற்களையே வெளியே எடுக்க விட்டது. அதற்கு முந்திய பதிப்போடு வருடக்கணக்கில் இணையத்தில் கிடந்த பெட்டி உங்கள் கைக்கு வரலாம். நான் வாங்கிய ஒன்றில், குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி யாரோ எழுதிவைத்த கட்டளைகள் அப்படியே இருந்தன. அதனால் பழைய ஹெக்ஸை ரீசெட் மட்டும் செய்து விட்டுவிடாதீர்கள். மைக்ரோடிக்கின் நெட்இன்ஸ்டோல் என்ற மென்பொருளைக் கொண்டு முழுதாக அழித்து, புதுப் பதிப்பை ஏற்றுங்கள். அரை மணித்தியால வேலை.

வேகத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 1941இன் போர்ட் கிகாபிட் என்றாலும், எல்லா வேலையும் சேர்த்து 25 மெகாபிட் அளவு இணைப்புக்கென்றே சிஸ்கோ அதை முன்வைத்தது. நூறு மெகாபிட் ஃபைபரை அதன் முதுகில் ஏற்றினால் பாவம், திணறும். ஹெக்ஸுக்கு அது ஒரு பாரமே இல்லை. போர்ட்டும் ஹெக்ஸில் ஐந்து, சிஸ்கோவில் இரண்டு, ஆகவே சிஸ்கோவுக்கு ஒரு நெட்வொர்க் சுவிட்சும் வாங்க வேண்டிவரும். என் மேசையில் உள்ள மூன்றிலும் வைஃபை கிடையாது. பழைய வீட்டு ரவுட்டரில் டி.எச்.சி.பி.யை நிறுத்தி, அதன் லேன் துவாரத்தில் வயரைக் குத்தி அதை வைஃபைக்கு வைத்துக்கொள்ளலாம்.

வாங்கப் போகும்போது லேப்டாப்பையும் கொன்சோல் வயரையும் கொண்டுபோங்கள். சிஸ்கோவில் ஷோ வெர்ஷன், ஷோ ஃபிளாஷ் என்ற கட்டளைகள் இரண்டையும் அடித்து, ஃபிளாஷ் நினைவகத்தில் இயங்குதளக் கோப்பு இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அது இல்லாத பெட்டி ரொம்மொனிலேயே நின்றுவிடும், கோப்பை முறையாகத் தரவிறக்க சிஸ்கோ ஒப்பந்தம் கேட்கும். எங்கள் கரையோரத்தில் பாவித்த சாமான் என்றால் போர்ட்டுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். கடல்காற்று செப்புக் கம்பிகளைப் பச்சையாக்கியிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

என் வீட்டில் ஃபைபர் பெட்டிக்கு அடுத்து ஹெக்ஸ் நிற்கிறது. அதன் ஐந்தாம் போர்ட்டில் தொங்குவது சிஸ்கோ. அங்கே நான் எதைக் குழப்பினாலும் அடுத்த அறையில் மகளின் வகுப்பு நிற்பதில்லை.