கியர் மாறும்போது உதைக்கும் பழைய ஆட்டோமேட்டிக்: ஸ்கேனரா, ஆயிலா, ஓட்டிப் பார்ப்பதா?

இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று கியர் மாறும்போது உதைக்கிறது. மூன்று பேரிடம் கேளுங்கள், மூன்று பதில் வரும். "ஸ்கேனர் போட்டுப் பாருங்கள்" என்பார் ஒருவர். "ஆயிலை மாற்றினால் சரியாகிவிடும்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் காரில் ஏறாமலேயே "கியர் பாக்ஸ் போச்சு, இறக்கித்தான் ஆகணும்" என்று முடித்துவிடுவார். மூன்று பதிலும் ஏதாவது ஒரு காருக்குப் பொருந்தும். உங்கள் காருக்கு எது என்று தெரிவதற்குள் எவ்வளவு செலவாகிறது என்பதுதான் கேள்வி. என் வரிசை இது: முதலில் ஓட்டிப் பார்ப்பது, பிறகு ஆயில், அப்புறம் ஸ்கேனர், கடைசியாக ஆயில் பான் (கியர் பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு). எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியே கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள வழக்கமான ஆட்டோமேட்டிக்கைத்தான் சொல்கிறேன். படிப்படியான கியர்கள் இல்லாத சிவிடிக்கு வேறு கணக்கு.

ஸ்கேனரில், அதாவது கார் கணினியில் பதிவான பழுதுக் கோடுகளைப் படிக்கும் கருவியில் தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் ஓடுகிறார்கள். மலிவான ரீடர் பல நேரம் எஞ்சின் கணினியோடு மட்டும்தான் பேசும். அதில் பி0700 என்று வந்தால் பாதிப் பேர் கியர் பாக்ஸ் பழுது என்று பயந்துபோகிறார்கள். அந்தக் கோடுக்கு அர்த்தம், "கியர் பாக்ஸ் கணினியில் ஏதோ பதிவாகியிருக்கிறது, அங்கே போய்க் கேள்" என்பது மட்டுமே. அங்கே போய்ப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். பி0750 வந்தால் முதல் ஷிஃப்ட் சோலனாய்டின் (கியர் மாற்ற ஆயில் வழியைத் திறந்து மூடும் மின் வால்வ்) சுற்றில் கோளாறு. சுற்று என்றால் சோலனாய்ட் மட்டுமல்ல. அதற்குப் போகும் வயர், ஆயில் ஊறிய கனெக்டர், துருவேறிய எர்த் எல்லாம் சேர்த்தி. பி0731 என்றால் முதல் கியரின் விகிதம் தப்பு, அதாவது உள்ளே எங்கோ ஸ்லிப் ஆகிறது. ஏன் ஸ்லிப் ஆகிறது என்று கோடு சொல்லாது. ஸ்கேனருக்குத் தெரிவது மின்சாரமும் சென்சார் காட்டும் வேகமும்தான். ரப்பர் சீல் கல் மாதிரி இறுகிப்போனதை அது எப்படிப் பார்க்கும்? இந்தக் கோடுகளுக்கான பொதுத் தரமான ஓபிடி-2 அமெரிக்காவில் கட்டாயமானதே 1996 மாடல்களிலிருந்துதான். அதற்கு முந்தைய கார் என்றால் இந்தப் பேச்சே பெரும்பாலும் வீண்.

ஒரே ஒரு இடத்தில் ஸ்கேனர்தான் ராஜா. கார் திடீரென இரண்டாவதிலோ மூன்றாவதிலோ மாட்டிக்கொண்டு வேறு கியருக்கே போக மறுக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடுகிறது. இது லிம்ப் மோட். கணினி எதையோ கண்டு பயந்து சோலனாய்டுகளை விட்டுவிட்டது என்று அர்த்தம். எதைக் கண்டு பயந்தது என்பது நினைவில் பதிவாகியிருக்கும். இந்தக் காருக்கு மட்டும் என் வரிசையை மாற்றி, ஸ்கேனரிலிருந்தே தொடங்கலாம். அதற்கு முன் பேட்டரியையும் எர்த் வயரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வோல்டேஜ் தடுமாறினாலும் இதே நாடகம் நடக்கும்.

மற்றபடி, காசு கேட்காத சோதனை உங்கள் காலிலும் ஆர்பிஎம் முள்ளிலும் இருக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒருமுறை, அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். குளிரில் டி-யில் போட்டால் இரண்டு மூன்று விநாடி யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது, சூடானதும் ஒழுங்காகிறது என்றால் ஆயில் அளவு குறைவாக இருக்கலாம், அல்லது சீல்கள் இறுகியிருக்கலாம். இதற்கு நேர்மாறாக, குளிரில் நன்றாக ஓடிச் சூடானதும் ஸ்லிப் ஆனால் இன்னும் கவலைப்படணும். ஆயில் இளகியதும் தேய்ந்த பம்ப், தேய்ந்த வால்வ் வழியே அழுத்தம் கசிகிறது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது முள் சட்டென்று மேலே துள்ளி இறங்கினால், ஒரு கிளட்ச் விட்டபின் அடுத்தது பிடிக்கத் தாமதிக்கிறது. முள் துள்ளாமல் வண்டி மட்டும் உதைத்தால், உள்ளே கிளட்ச் பிடிக்கத்தான் செய்கிறது, ஆனால் முரட்டுத்தனமாக. பழைய மாடலில் த்ராட்டிலிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் த்ராட்டில் கேபிள் இருந்தால் அதன் அளவைச் சரிபார்க்காமல் கியர் பாக்ஸைத் தொடவே கூடாது. கேபிள் தொளதொளவென்று இருந்தால் அழுத்தம் குறைந்து கிளட்ச் பிளேட் கருகும்.

இப்போது என் சொந்தக் கதை. எழுபது கிலோமீட்டர் வேகத்தில், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்திருக்கும்போது என் பழைய கார் நடுங்கும். ரோட்டின் ஓரத்தில் வரிவரியாகப் போட்டிருக்கும் கோடுகள்மேல் ஓடுகிற மாதிரி. "டார்க் கன்வெர்ட்டர் போச்சு" என்று ஒரு மெக்கானிக் சொன்னார். அவர் சொன்னதில் நியாயமும் உண்டு. கன்வெர்ட்டருக்குள் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் நேரடியாகப் பிணைக்கும் லாக்கப் கிளட்ச் வழுக்கும்போது நடுக்கம் அப்படித்தான் இருக்கும். காலியான சாலையில் ஆக்சிலேட்டரை அசைக்காமல், இடது காலால் பிரேக் லைட் எரியும் அளவுக்கு மட்டும் பிரேக்கைத் தொட்டேன். பெரும்பாலான கார்களில் அந்தக் கணமே லாக்கப் விடுபட்டு ஆர்பிஎம் கொஞ்சம் ஏறும். ஏறியது, நடுக்கமும் குறைந்தது. தீர்ப்பு வந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் நின்றுபோகவில்லை, குறைந்தது என்பதை மனது உறுத்திக்கொண்டே இருந்தது. லாக்கப் விடுபட்டதும் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஆயில் மெத்தையாக வந்துவிடும், எஞ்சினின் மிஸ்ஸிங்கையும் (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் போவது) அது மறைத்துவிடும். அடுத்த நாள் மேட்டில், லாக்கப் பிடிக்காத கீழ் கியரில் வைத்து ஏற்றினேன். அங்கேயும் அதே நடுக்கம், இன்னும் பலமாக. கடைசியில் பழுது, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலில். பாவம், கியர் பாக்ஸ் மேல் பழி.

எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் உடைந்திருந்தாலும் இதே மாதிரி பழிதான். ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொண்டு டி, ஆர் என்று மாற்றட்டும். நீங்கள் பானட்டைத் திறந்து, காருக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, எஞ்சின் எவ்வளவு துள்ளுகிறது என்று பாருங்கள்.

ஆயில் விஷயத்தில் இரண்டு கட்சி இருக்கிறது, இரண்டும் கொஞ்சம் மிகைப்படுத்துகின்றன. முதலில் அளவும் நிறமும். பெரும்பாலான கார்களில் எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் டிப்ஸ்டிக்கைப் பார்க்கவேண்டும், சிலவற்றில் அணைத்தபின். உங்கள் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை. டிப்ஸ்டிக்கே இல்லாத கார்களில் குறிப்பிட்ட வெப்பநிலையில் அடியில் உள்ள பிளக்கைத் திறந்து பார்க்கணும். சிவப்பு மங்கிப் பழுப்பானால் வயசு. கருகிய வாடை வந்தால் கிளட்ச் எரிகிறது. பாலில் ரோஸ் கலந்த மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரில் கூலன்ட் கலந்துவிட்டது; அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

பிளக்கைத் திறந்து வடித்து மாற்றுவதா, மெஷின் போட்டு முழுவதும் மாற்றுவதா? நூறு கட்டுரை இருக்கிறது. மெஷின் பக்கம் இருக்கும் வாதம் எளிது: வடித்தால் பாதிதான் வரும், மீதி டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். எட்டு லிட்டர் பிடிக்கும் பாக்ஸில் நான்கு லிட்டர் வந்தால், சில நூறு கிலோமீட்டர் இடைவெளி விட்டு மூன்று முறை வடித்து நிரப்பிய பிறகு பழைய ஆயில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். பல வருடம் மாற்றாத பழைய பாக்ஸுக்கு நான் இந்த நிதானமான வழியைத்தான் எடுப்பேன். ஒரே நாளில் முழுவதும் புது ஆயில் போகும்போது, படிந்துகிடந்த கசடு கிளம்பி, ஆயிலை ஒவ்வொரு கிளட்சுக்கும் பிரித்தனுப்பும் வால்வ் பாடியின் சின்னச் சின்ன வழிகளில் மாட்ட வாய்ப்பு உண்டு. "ஆயில் மாற்றியதால் பாக்ஸ் செத்தது" என்ற புலம்பலில் பெரும்பாதி வேறு ரகம்: ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருந்த பாக்ஸுக்குத்தான் ஆயில் மாற்றியிருப்பார்கள். அதை ஆயில் பிழைக்க வைக்காது, கொல்லவும் இல்லை. ஒன்று மட்டும் முக்கியம், கையேட்டில் சொன்ன ரகமே வேண்டும். டொயோட்டாவின் டி-4 ஆயிலுக்குப் பதில் அதன் இன்னொரு ரகமான டபிள்யூஎஸ் ஊற்றினால் போதும் என்ற கதை வேண்டாம்.

ஆயில் பானைக் கழற்றினால் உள்ளே ஒரு காந்தம் இருக்கும். அதை விரலால் துடைத்துப் பாருங்கள். மை மாதிரி வழவழப்பான சாம்பல் நிறப் பசை வந்தால் பயம் வேண்டாம், அது வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் இரும்புத் துணுக்கு வேறு சேதி. பித்தளை நிறத்தில் துகள் இருந்தால் காந்தம் அதைப் பிடிக்காது, பானின் அடியில் தேடுங்கள். அது புஷ் (சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்ததன் அடையாளம். கறுப்புத் தூளும் செதிலும் நிறைய இருந்தால் கிளட்ச் லைனிங் கரைந்திருக்கிறது.

அந்தக் காந்தத்தைப் பார்த்துத்தான் அடுத்த முடிவு. பசை மட்டும் இருந்து, ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் உதைத்தால் சோலனாய்ட் அல்லது வால்வ் பாடி வேலை போதும். பல கார்களில் பாக்ஸை இறக்காமலே முடியும். செதில் வந்துவிட்டால் வால்வ் பாடி மாற்றுவது வீண்செலவு. அப்போது முழு ஓவர்ஹாலா, பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிய பாக்ஸா? கழற்றிய பாக்ஸ் சீக்கிரம் முடியும், ஆனால் அதன் வரலாறு உங்களுக்குத் தெரியாது. உங்கள் காரை இன்னும் ஐந்தாறு வருடம் வைத்திருப்பதானால் ஓவர்ஹால். விற்கும் எண்ணம் இருந்தால் கழற்றிய பாக்ஸ். எதை எடுத்தாலும் கூலரையும் அதன் குழாய்களையும் கழுவச் சொல்லுங்கள், முடிந்தால் டார்க் கன்வெர்ட்டரையும் மாற்றுங்கள். பழைய பாக்ஸின் துகள்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும்; புதிதாக மாட்டிய பாக்ஸ் ஸ்டார்ட் செய்த முதல் நிமிடமே அதைக் குடித்துவிடும்.